நாய்ஸ் இல்லை பாஸ்... நாய்!

'ஸ்டடி ஹாலிடேஸ்' என்றால் எங்கள் ஹாஸ்டலில் 'ஹாலிடேஸ்' மட்டும்தான். இந்தத் தடவையாவது உருப்படியாகப் படிப்போமே என்று டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங் புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். போன இடம் அப்பத்தா வீடு. திருச்சுழியிலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர். மொபைல் டவர் பாதி நாள் லீவு, டி.வி. நிரந்தர லீவு. இதைவிட அமைதியான இடம் உண்டா?

உண்டு. ஏனென்றால் நான் மணியை மறந்துவிட்டேன்!

மணி, அப்பத்தாவின் நாய். செவலை நிறம். ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிகாலை நாலு வரைக்கும் ஐயாவின் கச்சேரி. கிளம்பும்போதே அப்பா ஒரு வேலை கொடுத்திருந்தார். "பக்கத்து வீட்டுல கைப்புள்ள இருக்கு. தூங்க முடியலைன்னு மூணு தடவை போன் பண்ணிட்டாங்க. நாயை எங்கிட்டாவது குடுத்துட்டு, அப்பத்தாவ மதுரைக்குக் கூட்டிட்டு வந்துரு. நீ சொன்னாக் கேப்பாங்க." ஆக, பாதி படிப்பு, பாதி தூது!

தறிச் சத்தத்தில் ஒரு தூக்கம்

மதுரையில் பஸ் ஏறி, தூத்துக்குடி நாலு வழிச் சாலையில் வந்தால் அருப்புக்கோட்டை. அத்தை வீடு நெசவாளர் தெருவில். உள்ளே நுழையும்போதே 'டடக் டடக்' என்று விசைத்தறிகள் வரவேற்கும். அத்தை பேசுவதே கத்துகிற மாதிரிதான் இருக்கும். தப்பு அவர் மேல் இல்லை, நாற்பது வருஷத் தறி மேல்!

அந்தச் சத்தத்திலும் எதிர்வீட்டுத் திண்ணையில் ஒருத்தர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பால் வெள்ளை, ரோஸ் கலர் மூக்கு. அசல் ராஜபாளையம்! 2005-ல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டபோது, அந்த நான்கில் ஒன்றாக இடம்பிடித்த இனம். நம்ம விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பெயரோடு நாடு முழுக்கப் போன ஆள்.

"அதுக்குக் காது கேக்காது தாயி" என்றார் அத்தை. முழு வெள்ளையாகப் பிறக்கும் நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே செவிட்டுத்தன்மை இருக்கும். நிறமி இல்லாமல் போகும்போது உள்காதும் பாதிக்கப்படுவதுதான் காரணம். ராஜபாளையத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. வெள்ளைதான் வேண்டும் என்று நாம் தேடித் தேடி வாங்கியதற்கு அவை கொடுத்த விலை!

திடீரென்று கரன்ட் போனது. தெருவே அமைதி. அந்த வெள்ளைக்காரர் சட்டென்று தலையைத் தூக்கினார். சத்தம் நின்றது அவருக்குக் கேட்காது. தரையில் ஓடிக்கொண்டிருந்த அதிர்வு நின்றது தெரிந்திருக்க வேண்டும். எழுந்து நின்று, ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சுருதியில் குரைத்தார். தன் குரலையே கேட்டிராத ஒரு ஜீவன் குரைப்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். என்னவோ போலிருந்தது.

'அது' இல்லை, 'அவன்'

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் திருச்சுழி. பஸ் ஜன்னலில் வெடித்துக் கிடக்கும் கரிசல், சீமைக் கருவேலங்காடு, நடுநடுவே கரிமூட்டப் புகை, தண்ணீர் இல்லாத கண்மாய், காவலுக்கு நிற்கிற மாதிரி பனைமரங்கள். ஏப்ரல் வெயிலில் தார் ரோடே நெளிந்து தெரிந்தது.

திருச்சுழி, ரமண மகரிஷி பிறந்த ஊர். 1879 டிசம்பர் 30-ல் அவர் பிறந்த வீடு திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாய்க் கட்டுரையில் மகரிஷி எங்கே வந்தார் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. பிற்பாடு திருவண்ணாமலை ஆசிரமத்தில் அவரோடு நாய்களும் வாழ்ந்தன. எந்த மிருகத்தையும் 'அது' என்று சொல்லமாட்டார், 'அவன், அவள்'தான். ஜாக்கி என்ற நாய்க்கு அங்கே சமாதியே இருக்கிறது, பசு லட்சுமியின் சமாதியோடு சேர்ந்து. இதைத் தெரிந்துகொண்டபோது, மணியை விரட்டப் போகும் எனக்கு லேசாகக் குத்தியது.

மணியின் டிக்‌ஷனரி

முதல் ராத்திரி தலையணையைக் காதில் அமுக்கியும் பலன் இல்லை. ஃபோனில் டெசிபல் ஆப்பைப் போட்டால் 90-ஐத் தாண்டிக் காட்டியது. குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள். மணிக்கு யார் படித்துக் காட்டுவது?

"இந்த நாய்க்கு வேற வேலையே இல்லையா அப்பத்தா?"

"இதான் தாயி அதுக்கு வேலை" என்றவர், கட்டிலில் படுத்தபடியே கமென்ட்ரி ஆரம்பித்தார். "ரெண்டு குரைப்போட நிறுத்திட்டா தெரிஞ்ச ஆளு. விடாம அடிச்சுக் குரைச்சா வேத்தாளு. ஒரே எடத்துல நின்னு, தாவித் தாவி விட்டு விட்டுக் குரைச்சா பூச்சி பொட்டு... நீ கால கீழ வச்சிராத. குடுகுடுப்பைக்காரன் வந்தா பின்னங்கால் வச்சுக்கிட்டே குரைக்கும். பயம்! உர்ருன்னா சோத்துகிட்ட கோழி வந்திருக்கு. மூக்கால அழுதா அவுத்து விடச் சொல்லுது."

"ஊளையிட்டா? யாராவது செத்துப்போவாங்கன்னு சொல்வாங்களே..."

"அது நூத்தியெட்டு வண்டிச் சத்தத்துக்குக் கூடச் சேந்து ஊளையிடுது. அந்த வண்டி வந்தா யாருக்கோ முடியலைன்னுதானே அர்த்தம்?" அறிவியல் மன்றத்தில் பரிசு கொடுக்க வேண்டிய பதில்!

அப்பத்தாவுக்கு ஒரு கண் சுத்தமாகத் தெரியாது. இன்னொன்றில் ஆபரேஷனுக்குப் பிறகும் பகலில்தான் கொஞ்சம் தெரியும். வாசலுக்கு யார் வருகிறார்கள் என்பதை அவர் பார்ப்பதில்லை, கேட்கிறார்.

இது அப்பத்தாவின் கற்பனையா? இல்லை. ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் பேட்டர் போங்க்ராட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, 'மூடி' என்ற இன நாய்களின் குரைப்பைப் பதிவுசெய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டியது. எந்தச் சூழ்நிலையில் குரைத்தது என்பதைப் பலரும் ஓரளவு சரியாகவே சொன்னார்கள், நாய் வளர்த்தே இராதவர்கள் உட்பட. 2005-ல் வெளியான ஆய்வு இது. 2010-ல் பார்வையற்றவர்களிடம் செய்த சோதனையிலும் அவர்களால் குரைப்பை வகைபிரிக்க முடிந்தது. வேற்றாள் வந்தால் கனத்த குரலில் வேகவேகமாக, தனியே விட்டால் கீச்சுக் குரலில் இடைவெளி விட்டு. இதுதான் அவர்கள் கண்ட கணக்கு. அப்பத்தாவின் கணக்கும் அதுதானே!

நானும் விஞ்ஞானி ஆனேன். மணியின் பத்துக் குரைப்புகளை ஃபோனில் பிடித்து அப்பத்தாவுக்குப் போட்டேன். எட்டு சரி. எனக்கு மூன்று! ஆர்வக்கோளாறில் ராத்திரி ஒன்பதரைக்கு ஃபுல் வால்யூமில் ஒன்றைப் போட, மணி குரைக்க, அதைக் கேட்டு எதிர்வீட்டு நாய் குரைக்க, ஊரே குரைத்தது. பக்கத்து வீட்டுப் பாப்பா வீறிட்டு அழுதது. சித்தி வந்து வேலியோரம் நின்றார். திட்டவில்லை. "இப்பத்தான் தூங்க வச்சேன்மா" என்றார். கண்ணுக்குக் கீழே கருவளையம். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

சத்தமில்லாத ஒரு ராத்திரி

மறுநாள் அப்பத்தாவே சொன்னார். "ரெண்டு நாளைக்குக் கிடையில கொண்டு போயி விட்டுப் பாரு."

அறுவடை முடிந்த புஞ்சையில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். மாமாவின் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் மணியோடு போய் இறங்கினேன். அங்கே இரண்டு நாய்கள். சிப்பிப்பாறை ஜாடை, ஒட்டிய வயிறு, நீளமான கால். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றன. ஒரு சத்தம் இல்லை. பார்வையால் இரையைப் பிடித்து ஓடுகிற வேட்டை வம்சம், வீணாகக் குரைக்காது. (முயல் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதால் இப்போது காவல் உத்தியோகம்!) கீதாரி தாத்தா சொன்னார்: "இதுக ராவுல ஒரு தடவை உறுமுனாப் போதும். நாங்க கம்ப எடுத்துட்டு எந்திரிச்சிருவோம்."

அந்த வார்த்தை மண்டைக்குள் 'டிங்' என்றது. எங்கள் சிலபஸில் இருக்கிறதே... 1948-ல் கிளாட் ஷானன் சொன்னது. எப்போதாவது வரும் செய்தியில்தான் தகவல் அதிகம். எப்போதும் வந்துகொண்டே இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி நான் கட்டை மாதிரி தூங்கினேன். காலையில் சித்தி சிரித்தபடி சொன்னார், "பாப்பா முழுசாத் தூங்குச்சும்மா. நானும்தான்." பொய் இல்லை. முகமே தெளிந்திருந்தது.

உள்ளே வந்தால் அப்பத்தா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். படுக்கையை விரித்ததாகவே தெரியவில்லை. "மூணு மணி வாக்குல யாரோ வாசல் வரைக்கும் வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. யாருடான்னேன், பதில் இல்ல. நீ பாத்தியா தாயி?"

நான் பார்க்கவில்லை. யாராவது வந்தார்களா, பனை ஓலை உரசியதா, எனக்கு எப்படித் தெரியும்? ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தருக்கு நல்ல தூக்கம், இந்தப் பக்கம் ஒருத்தருக்கு விடிய விடிய பயம். இரண்டும் உண்மைதான். இதில் யாரைத் தப்பு சொல்வது?

ஃபில்டர் போட்டாச்சு

மணியை அன்றைக்கே கூட்டி வந்தேன். ராத்திரி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணினேன். மொத்தம் 41 தடவை குரைத்தார். அதில் முக்கால்வாசி ரோட்டில் போகும் வண்டிகளுக்கு! குட்டைச் சங்கிலியில், ரோட்டைப் பார்த்த மாதிரி கட்டிப்போட்டால் வேறென்ன செய்வார், பாவம்?

மறுநாள் மாமாவும் நானும் வேலியில் இருந்த ஓட்டைகளை அடைத்தோம். வாசல் படலில் பழைய படுதாவைக் கட்டி ரோட்டை மறைத்தோம். சங்கிலியைக் கழற்றி வேலிக்குள்ளேயே சுற்ற விட்டோம். சாயங்காலம் கண்மாய்க் கரையில் ஒரு மணி நேரம் ஓட்டம். மூன்றாவது ராத்திரி எண்ணிக்கை 26. ஆறாவது ராத்திரி 12. அந்தப் பன்னிரண்டில் ஒன்றுக்கு அப்பத்தா எழுந்து லைட்டைப் போட்டார். "பால்காரரு. நேரத்தோட வந்துட்டாரு."

சித்தியிடம் கேட்டேன். "பரவாயில்லம்மா. முழுசா நிக்கல. ஆனா பரவாயில்ல" என்றார். முழு மார்க் இல்லை, பாஸ் மார்க். எனக்கு அதுவே பழக்கம்!

அப்பா போன் செய்தார். "என்ன, அப்பத்தா கிளம்பிட்டாங்களா?"

"இல்லப்பா. மதுரை ஃப்ளாட்ல யார் வர்றான்னு அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி, நீ ஒழுங்காப் படி" என்று வைத்துவிட்டார்.

கிளம்பும் அன்று விடிகாலை, முதல் பஸ்ஸுக்காகப் பையோடு படலைத் திறந்தேன். இருட்டில் மணி இரண்டு குரைப்பு குரைத்து நிறுத்தினார். உள்ளேயிருந்து அப்பத்தா குரல் கொடுத்தார். "பாத்துப் போ தாயி."