முழுத்திரையும் மூவாயிரம் ரூபாயும்

அச்சன்புதூரில் ஒரு வீடு. இரவு பதினோரு மணி. துபாய் போய்விட்ட மகனின் பழைய லேப்டாப்பில் கிரிக்கெட் பார்க்கலாம் என்று அப்பா ஏதோ ஒரு தளத்தைத் திறந்து 'ப்ளே' பொத்தானைச் சொடுக்கினார். அவ்வளவுதான்! திரை முழுக்க அரசு முத்திரையோடு ஓர் அறிவிப்பு. ஆபாசப் படம் பார்த்ததால் கணினி முடக்கப்பட்டதாம், அபராதம் கட்டாவிட்டால் கைதாம். மேலே முகவரிப் பட்டை இல்லை, மூடுவதற்குப் பெருக்கல் குறியும் இல்லை. மனிதருக்கு வியர்த்துவிட்டது. மூடியை அப்படியே சாத்திவிட்டுப் படுத்தார். தூக்கம் எங்கே வரும்?

இது அவருக்கு மட்டும் வந்ததல்ல. இதே மாதிரி போலி போலீஸ் நோட்டீஸ் காட்டிப் பணம் பறித்த கும்பலில் மூன்று பேரை 2021 ஜூலையில் டெல்லி போலீஸ் பிடித்தது. பிடித்தது எங்கே தெரியுமா? தமிழ்நாட்டில்! ஆளுக்குக் கேட்ட அபராதம் 3,000 ரூபாய். இந்த விலையைக் கொஞ்சம் கவனியுங்கள். (பி.காம். பாடத்தில் விலை நிர்ணயம் என்று தனி அத்தியாயமே உண்டு. இவர்கள் படிக்காமலே பாஸ்.) லட்சம் கேட்டால் ஆள் வக்கீலைத் தேடுவான். மூவாயிரம் என்றால் வீட்டுக்குத் தெரியாமல் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வான்.

உலாவியில் ஒரு தளம் கைவைக்க முடியாத இடம் மேலே இருக்கும் அந்தப் பட்டைதான். அதற்குக் கீழே எதை வேண்டுமானாலும் வரையலாம். முழுத்திரை வந்தால் பட்டையும் காணாமல் போகிறது, அந்த இடத்தில் போலிப் பட்டையையே வரைந்துவிடலாம். 2012-ல் ஃபெராஸ் அபுகதீஜா என்ற நிரலாளர் இதைச் செய்தே காட்டினார். வங்கி இணைப்பைச் சொடுக்கினால் வந்தது வங்கி அல்ல, பூட்டுக் குறிவரை வரைந்துவைத்த போலிப் பக்கம்.

பழைய ஃபிளாஷ் இதில் உஷார். 2006-ல் முழுத்திரை வசதி தந்தபோது அதில் எழுத்து எதையும் தட்ட முடியாதபடி வைத்தார்கள். இன்றைய உலாவிகள் தட்டவும் விடுகின்றன. பதிலுக்கு இரண்டு காவல்: பயனர் எதையாவது சொடுக்காமல் முழுத்திரை வராது, வந்ததும் 'எஸ்கேப் அழுத்தினால் வெளியேறலாம்' என்ற குறிப்பு சில வினாடி தெரியும். முதல் காவல் 'ப்ளே' பொத்தானிலேயே காலி. இரண்டாவதை, பயந்துபோனவன் எங்கே படிப்பான்?

அதற்காக முழுத்திரையே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. பாட வீடியோ, ஆன்லைன் தேர்வு, ஆபீஸ் கணினியை வீட்டிலிருந்தே இயக்குவது என்று எல்லாவற்றுக்கும் அது தேவை. கடைசியாகச் சொன்னதற்கு எஸ்கேப் விசையைக்கூடத் தளத்திடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2018-ல் குரோம் 68 அதையும் கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு: எஸ்கேப்பை விடாமல் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை கலைந்தே தீரும். நல்ல ஏற்பாடுதான். அந்தக் குறிப்பு மறையாமல் ஓரமாக நின்றிருந்தால் இன்னும் நல்லது. படம் பார்ப்பவருக்குக் கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதானே?

காலையில் அவர் பக்கத்து வீட்டு காலேஜ் பையனை மெதுவாகக் கூப்பிட்டார். அவன் எஸ்கேப்பைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தான். முத்திரை, அபராதம் எல்லாம் போய்விட்டது.

"அவ்ளோதான் மாமா."

"கேஸ் ஏதும் வராதுல்லா?"

"வராது மாமா, அது டூப்பு."

அவர் அடுப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். "சரி... அத்தைகிட்ட மட்டும் சொல்லிராத."