கருவி வந்தது, கற்றுத்தர யார் வந்தார்?



சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டிற்குச் சென்றிருப்பீர்கள். ஏரியைக் கண்டு மகிழ்ந்து திரும்பியிருப்பீர்கள். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களுக்கு அப்பால், மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்களிலுள்ள தொடக்கப் பள்ளிகளைக் கண்டதுண்டா? அத்தகைய பள்ளியொன்றில்தான் என் நாத்தனார் ஆசிரியையாகப் பணிபுரிகிறார். பலாச்சுளைகளைப் பங்கிட்டே பின்னக் கணக்கை விளங்க வைத்துவிடும் ஆற்றல் படைத்தவர்.

2018ஆம் ஆண்டில் தமிழகப் பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்றன. 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தமிழக அரசு கையடக்கக் கணினிகளை வழங்கியது. நாத்தனார் கைக்கும் ஒன்று வந்தது. ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். பின்னர் அக்கருவி பல வாரங்கள் பீரோவிலேயே உறங்கியது!

காரணம் சோம்பல் அன்று. "பிள்ளைகள் முன்னே என் விரல் தடுமாறினால், இத்தனை ஆண்டு மரியாதை என்னாவது?" என்றார் அவர். எண்ணிப் பாருங்கள்; இந்த அச்சம் நியாயமானதன்றோ?

அவரை மீட்டவர் உடன் பணிபுரியும் இளம் ஆசிரியை. பள்ளி விட்டபின் நாளும் அரைமணி நேரம் அருகில் அமர்ந்தார். கருவியைத் தம் கையில் வாங்கவே இல்லை. நாத்தனாரையே இயக்கச் செய்தார். மலையூர்களில் அலைபேசித் தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும். ஆகவே, தொடர்பு கிடைக்கும் இடத்திலேயே 'தீக்‌ஷா' செயலியில் பாடங்களைப் பதிவிறக்கிக்கொண்டு வந்து வகுப்பில் காட்டும் வழியைச் சொல்லித்தந்தார்.

கடலையே கண்டிராத மலைப் பிள்ளைகள் திரையில் அலைகளைக் கண்டனர். நாத்தனார் படத்தை நடுவில் நிறுத்தி, "வந்த நீர் ஏன் திரும்பிப் போகிறது?" என்று கேட்டார். காட்சியைத் தந்தது கருவி. கேள்வியைத் தந்தவர் ஆசிரியர். அந்தக் கேள்வி இல்லையேல் அது வெறும் வேடிக்கையாகவே முடிந்திருக்கும்.

இவ்வுண்மை புதியதன்று. 1975-76இல் செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. அத்திட்டத்தில் ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி அளித்தபோதும், தொலைக்காட்சியோடு வானொலியும் அச்சு ஏடுகளும் நேரில் வழிகாட்டுவோரும் தேவைப்பட்டனர். பயிலரங்கில் கற்றது வகுப்பறைக்குள் நுழைய வேண்டுமாயின், சக ஆசிரியரின் தொடர்ந்த துணை வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர்களான புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே எடுத்துக்காட்டினர்.

சகோதர சகோதரிகளே! உங்கள் இல்லத்திலும் ஓர் ஆசிரியை இருக்கலாம். உங்கள் மஹல்லாவில் மத்ரஸா உஸ்தாத் ஒருவர் இருக்கலாம். அலைபேசியில் விரல்கள் பறக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்! வாரம் ஒருமுறை அவர்களை அனுப்பி வையுங்கள். மூன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: கருவியைப் பிடுங்காதே, ஒரு நாளைக்கு ஒன்றையே கற்றுக்கொடு, மறந்து மீண்டும் கேட்டால் சிரிக்காதே.

நமக்கு அகரம் கற்பித்தபோது அவர்கள் நம்மிடம் காட்டிய பொறுமை இதுவேயாகும். அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்த நமக்கு இப்போது வாய்ப்பு வந்திருக்கிறது.