சங்கிலியும் வாக்குப்பெட்டியும்

தான் சொன்னதைப் பிழையென்று மாணவர் முன் ஒப்புக்கொள்வது ஆசிரியனுக்கு இலகுவான காரியமன்று. சென்ற தவணையில் எமக்கு அந்நிலை நேர்ந்தது. "பிளொக்செயின் வந்துவிட்டால் தேர்தலிற் களவுக்கு இடமே இல்லை" என்று உயர்தர வகுப்பிற் பெருமிதத்தோடு கூறிவிட்டோம்.

கூறியதற்குக் காரணம் இல்லாமலில்லை. பிளொக்செயின் என்பது பலர் கையிற் படியாக உள்ள ஒரு கணக்கேடு. ஒவ்வோர் ஏட்டிலும் அதற்கு முந்திய ஏட்டின் கைரேகை போன்றதோர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய ஏட்டில் ஓரெழுத்தை மாற்றினும் அவ்விலக்கம் பொருந்தாது போய்க் களவு வெளிப்படும். 1991 இல் ஹேபர், ஸ்டோர்னெற்றா என்னும் அறிஞர் இருவர் இம்முறைக்கு வித்திட்டனர். 1995 முதல் அத்தகைய இலக்கமொன்று நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் வாரந்தோறும் விளம்பரமாக வெளிவந்தது. வீடுகளுக்குச் சென்றுவிட்ட பத்திரிகைப் பிரதிகள் அனைத்தையும் மாற்ற யாரால் இயலும்?

"ஐயா, ஏட்டில் ஏறுமுன்பே வாக்கை மாற்றிவிட்டால்?" என்று கேட்டாள், கடைசி வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி.

விடையறியாது வீடு சென்று தேடினோம். அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில், 2018 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின்போது வெளிநாடுகளிலிருந்த 144 பேர், பிளொக்செயின் துணைகொண்ட கைபேசிச் செயலியால் வாக்களித்தனர். 2020 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்து ஆய்வாளர் அச்செயலியை ஆராய்ந்தனர். கைபேசியைத் தன்வசப்படுத்திய ஒருவன் வாக்கை அறியவும் மாற்றவும் கூடுமென்று அறிவித்தனர். செயலியை ஆக்கிய நிறுவனம் மறுத்தது. ஆயினும் அம்மாநிலம் அவ்வாண்டு முதற்கட்டத் தேர்தலில் வேறு வழியை நாடிற்று. பொய்யான வாக்கொன்று உள்ளே புகுந்தால், சங்கிலி அதனையும் அழியாது காக்குமன்றோ?

நிற்க. தேர்தற் கடமைக்காக நாம் முன்பு சென்றிருந்த ஒரு கிராமத்து வாக்களிப்பு நிலையம் அன்றிரவு நினைவில் வந்தது. விடியற்காலையிற் பெட்டியைத் திறந்து கட்சி முகவர்களுக்குக் காட்டினோம். எழுத்து வாசனை அதிகமில்லாத முதியவர் ஒருவர் குனிந்து உள்ளே பார்த்து, "சரி மாஸ்ரர், வெறும் பெட்டிதான். பூட்டுங்கோ" என்றார். தோற்றவரும் முடிவை ஏற்பதற்கு அத்தகைய பார்வையே அடித்தளம். சங்கிலியின் கணிதத்தை அவர் எங்ஙனம் குனிந்து பார்ப்பார்? காணிப் பதிவு, பொதுப்பணக் கணக்கு முதலியவற்றைக் காக்க அது உதவக்கூடும். அதனை நாம் இகழவில்லை. குடிமக்கள் தம் கண்ணாற் சரிபார்க்க இயலாத ஒன்றிடம் வாக்கை ஒப்படைக்கவே அஞ்சுகிறோம்.

மறுநாள் வகுப்பில், "நாம் கூறியது பிழை, இவள் கேட்டதே சரி" என்றோம். மாணவர் ஒருவரேனும் நகைக்கவில்லை.