வாடையில் போன கப்பல்

2025 டிசம்பர் 29, திங்கள் (மார்கழி 14)

கௌண்டின்யா இன்று போர்பந்தரை விட்டுக் கிளம்பிவிட்டது. போக வேண்டிய இடம் ஓமன் நாட்டு மஸ்கட். இன்ஜின் கிடையாது. பலகையோடு பலகை சேர்த்து தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த கப்பல். அடிப்பாகத்தில் ஆணி வேலையே இல்லை. நீளம் 65 அடி. உள்ளே கடற்படை ஆட்களும், கூடவே பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் இருக்கும் சஞ்சீவ் சன்யாலும். தைத்த கப்பல் ஒன்றைக் கட்ட வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்து பின்னால் நின்று தள்ளியவர் அவர்தான். கடல் வரலாற்றை எழுதியதோடு நிற்காமல் ஏறியும் போகிறாரே, அதற்காகவே ஒரு கும்பிடு.

உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு எனக்கென்ன கப்பல் கவலை என்று வீட்டில் கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. எங்கள் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவதும் அந்தக் கப்பலை மஸ்கட்டுக்குத் தள்ளப்போவதும் ஒரே வடகிழக்குப் பருவக்காற்றுதான். வங்கக் கடலைத் தாண்டி வருவதால் இங்கே அது ஈரத்தோடு வருகிறது. குஜராத் பக்கம் தரையிலிருந்து கடலுக்குள் இறங்குவதால் மழை இல்லாமல் காய்ந்த காற்றாக அடிக்கும். அரேபியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போன பாய்க்கப்பல்காரர்கள் இதற்காகத்தான் மார்கழி, தை என்று காத்திருந்தார்கள். திரும்பி வரத் தென்மேற்குக் காற்று. எதிர்க்காற்றில் ஏறிப் போகச் சதுரப் பாய்க்குச் சாமர்த்தியம் போதாது.

டிசம்பர் 30, செவ்வாய். வைகுண்ட ஏகாதசி

சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலில் விடிவதற்கு முன்பே கூட்டம். சேவித்துவிட்டு, கூட்டமில்லாத வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் போனேன். குடவோலைக் கல்வெட்டுகள் அங்கேதான். முதலாம் பராந்தகன் காலம், 919, 921. தேர்தல் விதிகளைப் படிக்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். எனக்கு எப்போதும் கண் போவது 'ஏரி வாரியம்' என்ற இடத்துக்குத்தான். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தவர்கள் நம் ஆட்கள்.

இதே புத்தி கடல் தாண்டியும் போயிருக்கிறது. தாய்லாந்தின் தகுவாபாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு, 9ஆம் நூற்றாண்டு. அங்கே வெட்டிய ஒரு குளத்துக்குப் பெயர் அவனி நாரணம். அவனி நாராயணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். குளத்துக்குக் காவல், மணிக்கிராமம் என்ற வணிகர் குழு. கப்பலேறிப் போனவன் வந்த வேலையை முடித்துவிட்டுத் திரும்பாமல், போன இடத்தில் குளம் வெட்டி, அதற்குக் காவலும் ஏற்பாடு செய்திருக்கிறான். ராஜேந்திரன் கடாரம் கொண்டதைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். இந்தக் குளத்தைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம்.

எங்கள் ஊரைப் பிரம்மதேயமாக ஏற்படுத்தியவன் என்று சொல்லப்படும் இரண்டாம் நந்திவர்மனே சின்ன வயதில் கம்போடியாவிலிருந்து கப்பலில் அழைத்து வரப்பட்டவன் என்று ஒரு கட்சி வாதிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

2026 ஜனவரி 1, வியாழன்

கப்பல் கட்டிய கதையைத் தேடித் தேடிப் படித்தேன். கலாசார அமைச்சகம், கடற்படை, ஹோடி இன்னோவேஷன்ஸ் என்ற நிறுவனம், மூன்றும் 2023 ஜூலையில் ஒப்பந்தம் போட்டன. அந்த செப்டம்பரில் வேலை தொடங்கியது. தைத்தவர்கள் கேரளத் தச்சர்கள். தலைமைத் தச்சர் பாபு சங்கரன். 2025 பிப்ரவரியில் கோவாவில் தண்ணீரில் இறக்கினார்கள். மே 21 அன்று கார்வாரில் கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள். பெயர், கடல் கடந்து போய்த் தென்கிழக்கு ஆசியாவில் அரச வம்சம் தொடங்கியதாகக் கதையில் வரும் கௌண்டின்யனுடையது.

இதில் பெரிய சிக்கல், அந்தக் காலக் கப்பலுக்கு வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை. கையில் இருந்தது 5ஆம் நூற்றாண்டு அஜந்தா ஓவியம் ஒன்று. ஓவியன் வரைந்தது பக்கத்தோற்றம். அடிப்பாகம் எப்படி வளைந்தது, பாய்மரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்றெல்லாம் சித்திரம் சொல்லாது. கணக்குப் போட்டு, மாதிரி செய்து, தண்ணீரில் இழுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சோதனைக்குக் கைகொடுத்தது சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை. தமிழ்ப் பத்திரிகைகள் தலைப்புச் செய்தியாகப் போட்டிருக்க வேண்டிய விஷயம் இது.

தையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலகை ஓரங்களில் வரிசையாகத் துளை போட்டு, இரண்டு பலகை சேரும் இடத்தில் நாரைப் பொதிந்து, அதன்மேல் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டுகிறார்கள். துளைகளை அடைத்து, மரப்பிசின், மீனெண்ணெய் பூச்சு. ஆணி உப்புத்தண்ணீரில் துருப்பிடித்துப் பலகையையும் கெடுக்கும். நார்க்கயிறு உப்புத்தண்ணீருக்கு அஞ்சாது. அலை அறையும்போது தைத்த கப்பல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். தண்ணீர் கசியத்தான் செய்யும். இறைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

ஜனவரி 3, சனி. திருவாதிரை

களி கிண்டிய கையோடு பேத்தி வந்து உட்கார்ந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள்.

"ஏன் தாத்தா, அந்த மாதிரி கப்பல்ல நான் போவ முடியுமா?"

முடியும் என்றேன். கௌண்டின்யாவில் இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் கொச்சியில் தரங்கிணி, சுதர்சினி என்று கடற்படைக்கு இரண்டு பாய்மரப் பயிற்சிக் கப்பல்கள் உண்டு. மூன்று பாய்மரம், இருபது பாய். இரும்பு உடம்பு, அவசரத்துக்கு இன்ஜினும் உண்டு. ஆனாலும் பாயை விரிக்கவும் சுருட்டவும் ஆள்தான் கயிற்றேணியில் மரத்தின் உச்சிவரை ஏற வேண்டும். 1997இல் சேர்ந்த தரங்கிணி 2003-04இல் உலகையே சுற்றி வந்தது.

"பொம்பளைங்கள ஏத்துவாங்களா?"

பாண்டிச்சேரிக்காரர், கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியைப் பற்றிச் சொன்னேன். அவரும் சக அதிகாரி தில்னாவும் தாரிணி என்ற 56 அடிப் பாய்ப்படகில் இரண்டே பேராக 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். தாரிணி புதுக்கால ஃபைபர் படகு என்றாலும் கடல் ஒன்றுதான். தேசியப் பாதுகாப்பு அகாடமியில் (என்.டி.ஏ.) 2022 முதல் பெண்களையும் சேர்க்கிறார்கள். கடற்படைப் பிரிவுக்கு பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் இருக்க வேண்டும். அவளிடம் மூன்றும் இருக்கின்றன. நீச்சல்தான் இல்லை. தண்ணீர் நிற்கிற ஏரியை வாசலில் வைத்துக்கொண்டு நீச்சல் தெரியாத பிள்ளைகளை வளர்க்கிறோம்.

ஜனவரி 8, வியாழன்

தைத்த கலம் என்றதும் எல்லோரும் கேரளம், ஓமன் என்கிறார்கள். நம் கரையிலும் இருந்தது. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நின்றுகொள்ளும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது மசூலா படகு. அதுவும் கயிற்றால் தைத்ததுதான். மரச்சட்டம் எதுவும் உள்ளே கிடையாது. கரையில் மோதினால் ஆணி அடித்த வெள்ளைக்காரன் படகு பிளக்கும், இது நெளிந்து தப்பிக்கும். அவனே வேறு வழியில்லாமல் இதில் ஏறித்தான் மதராஸ் மண்ணை மிதித்தான். துறைமுகம் வந்தது, படகுக்கு வேலை போயிற்று, தைத்தவர்களின் கைவேலையும் மெல்ல மங்கிப் போயிற்று.

ஜனவரி 14, புதன். போகி

மஸ்கட் சேர்ந்துவிட்டது!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். போன பாதை சுமார் 1,400 கிலோமீட்டர். எடுத்தது 16 நாள். மணிக்கு நாலு கிலோமீட்டருக்கும் குறைவு. நம் மாட்டுவண்டி வேகம். படுக்க அறை இல்லாத கப்பலில், கிடைத்த இடத்தில் முடங்கி, இப்படி ஆடி ஆடிப் போயிருக்கிறார்கள். கேலியாகச் சொல்லவில்லை. அந்தக் கால வியாபாரியின் பொறுமை எவ்வளவு என்பது இப்படி ஒருவர் போய்ப் பார்த்தால்தான் தெரியும். எழுதி வைத்த வரலாற்றில் இந்த அளவுகோல் கிடையாது.

இதற்கு முன்னும் செய்திருக்கிறார்கள். கடலோடி டிம் செவரின் 1980இல் 'சோஹார்' என்ற தைத்த கப்பலில் ஓமனிலிருந்து கிளம்பி, மறுவருடம் சீனத்துக் காண்டன் போய்ச் சேர்ந்தார். மரம் நம் மலபார் மரம், தைத்தவர்களில் லட்சத்தீவுக்காரர்கள் உண்டு. 2010இல் 'ஜூவல் ஆஃப் மஸ்கட்' என்ற தைத்த கப்பல் சிங்கப்பூர் வரை போயிற்று. அதிலும் பாபு சங்கரன் வேலை பார்த்திருக்கிறார். காசு ஓமனுடையது, கை நம்முடையது. இந்த முறைதான் காசும் கையும் ஒரே நாட்டிலிருந்து.

ஜனவரி 20, செவ்வாய்

சுதர்சினி இன்று கொச்சியிலிருந்து கிளம்பியிருக்கிறது. பத்து மாதப் பயணம், 22,000 கடல் மைலுக்கு மேல். பிரான்சிலும் நியூயார்க்கிலும் பாய்மரக் கப்பல் விழாக்களில் கலந்துகொள்ளப்போகிறது. கப்பலைக் கொடியசைத்து அனுப்பிய வீடியோவைப் பேத்தி திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு வேறு ஒரு ஆசை. மாமல்லபுரம் பல்லவர் துறைமுகம். இங்கிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம். அங்கே ஒரு கொட்டகை போட்டு, ஒரே ஒரு மசூலா படகையாவது பழைய முறையில் தைத்துக் கடலில் இறக்க வேண்டும். ஐ.ஐ.டி. பக்கத்திலேயே இருக்கிறது. கற்றுக்கொடுக்கக் கேரளத் தச்சர்கள் இருக்கிறார்கள். கோவளத்திலும் கல்பாக்கத்திலும் கடல் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு பாலத்துக்கு ஆகிற செலவில் கால்வாசிகூட ஆகாது. தமிழக அரசின் தொல்லியல் துறை இதை எடுத்துச் செய்ய வேண்டும். கீழடியிலும் கொற்கையிலும் மண்ணைத் தோண்டியவர்கள், மரத்தைத் தைத்தும் பார்க்கட்டும்.