இருநூறு மைல்

அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சார்ந்த அலாஸ்காவின் வடகரையிலே, ஆர்க்டிக் கடலருகே, இரண்டு விமான நிலையங்கள் உள. ஒன்று உட்கியாக்விக் என்னும் ஊரினது. 2016-ஆம் ஆண்டு வரை பாரோ என வழங்கிய அவ்வூர், இனுபியாக் மக்களின் தொன்மையான இருப்பிடமாகும். மற்றொன்று டெட்ஹார்ஸ். அதனை ஊர் என்பதினும், எண்ணெய்க் கிணறுகளில் உழைப்போரின் தங்குமிடம் என்பதே பொருந்தும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு யாது, பறக்கும் நேரம் யாது என்று அறிய விழைந்தோம்.

நூலகச் சுவரில் தொங்கும் உலகப் படத்தின்மீது நூலைப் பிடித்து, நடுக்கோட்டின் அளவைக்கொண்டு கணக்கிட்டால், அறுநூறு மைலுக்கு மேல் வருகின்றது. பூகோள உருண்டையின்மீது பிடித்தாலோ இருநூறே மைல்! உருண்டையைத் தட்டைத் தாளில் விரிக்க மெர்கேட்டர் என்பார் 1569-இல் வகுத்த முறை, வடக்கே செல்லச் செல்ல நிலத்தை அகலப்படுத்திக் காட்டும். நடுக்கோட்டில் 111 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு தீர்க்கரேகைப் பாகை, 70-ஆம் பாகையை அடையுங்கால் 38 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகின்றது. படமோ அச்சுருக்கத்தை அறியாது.

ஆகவே உண்மைத் தொலைவு ஏறக்குறைய 328 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் விமானத்திற்கு இஃது இருபத்தைந்து நிமிட வழி. ஏறுதற்கும் இறங்குதற்கும் ஆகும் நேரத்தைக் கூட்டின் முக்கால் மணி எனலாம். நம் கல்லூரியில் ஒரு பாடவேளை; சில பாடவேளைகள் அதனினும் நெடியனவாகத் தோன்றுவது வேறு செய்தி.

நிற்க. இக்கணக்கு வானம் தெளிந்திருக்கும் நாளுக்கே உரியது. தெற்கிலிருந்து வரும் டால்டன் நெடுஞ்சாலை டெட்ஹார்ஸோடு நின்றுவிடும். உட்கியாக்விக்கிற்கு வெளியூரிலிருந்து சாலையே இல்லை. கடலிலே பனிக்கட்டி விலகும் சில வாரங்களில் மட்டுமே சரக்குக் கப்பல் வரும். அங்கே ஒருவர்க்குப் பெருநோய் கண்டு, ஊர் மருத்துவமனையால் இயலாதென்றால், விமானமொன்றே வழி. குளிர்காலத்தில் அறுபது நாளுக்கு மேல் கதிரவன் எழுவதில்லை. கோடையிலோ கடலிலிருந்து மூடுபனி ஏறிவரும். விமானம் இறங்க இயலாத நாளில், நோயாளியின் தாய்க்கு அந்த முக்கால் மணி எவ்வளவாகும்? அதனை எந்த நூலால் அளப்பது?

அம்மூடுபனியின் வன்மையை 1935-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் காட்டிற்று. உலகைத் தனியே விமானத்தில் முதன்முதல் சுற்றிவந்த விமானி வைலி போஸ்டும், நகைச்சுவை வல்லுநர் வில் ராஜர்ஸும் பாரோவை நாடிப் பறந்தனர். பனியிலே வழி தெரியாமையால் ஓர் உப்பங்கழியில் இறங்கி, கரையில் கூடாரமிட்டிருந்த இனுபியாக் மக்களிடம் வழி கேட்டனர். ஊர் பதினைந்து மைலளவே என்றறிந்து மீண்டும் எழும்பினர். எழும்பியவுடன் இயந்திரம் ஓய்ந்தது. விமானம் தலைகீழாக நீரில் வீழ்ந்து இருவரும் மாண்டனர். சில நிமிடங்களே எஞ்சியிருந்த வழி அது.

கரையிலிருந்தோருள் ஒருவர், சதுப்பும் மேடுமான அந்நிலத்தை ஓடியே கடந்து, பாரோவிற்குச் செய்தி கொணர்ந்தார். இன்று அவ்வூர் விமான நிலையம் மாண்ட இருவரின் பெயரையும் தாங்கி நிற்கின்றது. அது தக்கதே. ஓடிவந்தவர் பெயர் அதில் இல்லை. கிளேர் ஓக்பியாஹா என்பது அவர் பெயர்.