முன்பாரம்

மாட்டு வண்டி ஓட்டியவர்களின் பேச்சில் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொற்கள் உண்டு. வண்டிகளே சாலையிலிருந்து மறைந்துவிட்ட நாட்டில் இச்சொற்களுக்கு இனி என்ன வேலை என்று மாணவர் கேட்கக்கூடும். தைப்பிங்கில் வாழும் முதியவர் ஒருவருக்கு அவற்றால் வேலை இருந்தது.

இளமையில் தோட்டத்தில் மாட்டு வண்டியும் பின்னாளில் லாரியும் ஓட்டியவர் அவர். மீன்பிடிப்பதில் ஆர்வம் மிகுந்த அவருடைய மருமகன், படகொன்றையும் அதனைக் காரின் பின்னே இழுத்துச் செல்ல ஒரு டிரெய்லரையும் வாங்கினார். தெமங்கோர் ஏரிக்கு முதன்முறை சென்றபோது, 1982இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையின் இறக்கம் ஒன்றில் டிரெய்லர் பாம்பென நெளிந்தது. அஞ்சிப்போய் பிரேக்கை அழுத்தினார். நெளிவு இன்னும் மிகுந்தது. கார் சாலையோரப் புல்லில் ஏறி நின்றது. பின்னிருக்கையில் அவருடைய குழந்தைகள் இருவர் இருந்தனர். எதிரே லாரி எதுவும் வராதது அவர்கள் செய்த நல்வினை.

படகை இறுகக் கட்டாததே காரணம் என்று மருமகன் நம்பியிருந்தார். முதியவரோ கயிற்றைப் பார்க்கவேயில்லை. டிரெய்லரின் இணைப்பு முனையைப் பற்றித் தூக்கினார். அந்த வயதிலும் அது அவர் கைக்கு எளிதாக எழுந்தது.

“பின்பாரம், மாப்பிள்ளை” என்றார்.

அச்சுக்கு முன்னும் பின்னும் பாரம் சரிபாதியாக இருந்தால் போதும் என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் அது போதாது. மாட்டின் கழுத்தில் சிறிதளவு பாரம் அமர்ந்தே தீர வேண்டும். பின்பாரமானால் நுகம் மேலெழுந்து பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். முன்பாரம் மிகுந்தாலோ கழுத்து புண்ணாகும். காருக்கும் ஏறத்தாழ இதே கணக்குதான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்களவு இணைப்பு முனையில் தங்க வேண்டும். மிகக் குறைந்தால் டிரெய்லர் நெளியும். மிகுந்தால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடி தளரும்.

படகும் எஞ்சினும் டிரெய்லரும் சேர்ந்து 800 கிலோ. முனையைக் காரில் பூட்டும் உயரத்தில் கட்டைமேல் நிறுத்தி, அதன் அடியில் வீட்டிலிருந்த எடைப்பொறியை வைத்துப் பார்த்தனர். 28 கிலோ காட்டியது. படகின் பின்பலகையில் தொங்கிய எஞ்சின் மட்டுமே நூறு கிலோவைத் தாண்டும். பேட்டரியும் பெட்ரோல் தொட்டியும் அதனருகிலேயே இருந்தன. அவ்விரண்டையும் படகின் முன்பக்கம் மாற்றிக் கட்டியதும் 50 ஆயிற்று. பிறகு படகின் மூக்கைத் தாங்கும் கம்பத்தை ஒரு சாண் முன்தள்ளிப் படகையே நகர்த்தினர். 81. முதியவர் தலையசைத்தார்.

பாதுகாப்புச் சங்கிலிகளை முனையின் அடியில் குறுக்காக மாட்டச் சொன்னார். பூட்டு கழன்றாலும் முனை தரையில் குத்தாமல் அவை தாங்கும். மீண்டும் நெளிந்தால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தார்.

உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார் ஒளவையார். வகுப்பில் அப்புறநானூற்றுப் பாடலை நடத்துவோர் பலர். அதனைப் படித்திராத முதியவர், எல்லாம் முடிந்தபின் டிரெய்லரைச் சுற்றி வந்து கேட்டார்: “மாற்றுச் சக்கரம் எங்கே, மாப்பிள்ளை?”

காரிலிருந்த மாற்றுச் சக்கரம் டிரெய்லருக்குப் பொருந்தவில்லை. பயணத்தை மறுநாளைக்கு ஒத்திவைத்துவிட்டு மருமகன் டயர் கடைக்குப் புறப்பட்டார்.