பெயர் கழற்றும் இடம்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி டெர்மினலைத் தாண்டி உள்ளே திரும்பும் மண் பாதையில், ஒரு வேப்பமரத்தடியில் அந்த அம்பாசடர் இருந்தது. சக்கரங்கள் இல்லை. நான்கு மூலைக்கும் ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். எஞ்சின் முந்தின நாளே இறங்கிவிட்டது. கண்ணாடிகள் சுவரோரம் சாக்கு போர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தன. மிச்சமிருந்தது வெறும் கூடும் ஒரு பெயரும்தான். டிக்கி மூடியின் மேல், மங்கிய வெள்ளி நிறத்தில், சாய்வெழுத்தில் 'அம்பாசடர்'.

"இதுக்குத்தானே வந்தீங்க?" என்றார் அங்கே வண்டி உடைக்கும் மேஸ்திரி. போனில் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன்.

பழைய வண்டிகளின் பெயரெழுத்துகளையும் சின்னங்களையும் தேடி அலைவது எனக்குப் பல வருடப் பழக்கம். தொடக்கத்தில் 'பேட்ஜ் இருக்கா?' என்று கேட்டுக்கொண்டு போவேன். பாதிப் பேர் விழிப்பார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் சரி, வண்டி உடைக்கிற இடத்திலும் சரி, அதற்குப் பெயர் மோனோகிராம். அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்ட பிறகுதான் கதவுகள் திறந்தன. மேஸ்திரி இன்னொன்றும் கேட்பார், எப்போதும் அதே கேள்வி: "வண்டிக்கா, வச்சிக்கவா?" வண்டியில் மாட்டப் போகிறவருக்குப் பின்பக்க முளை உடையாத சரக்கு வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்கிறவருக்கு முகம் நன்றாக இருந்தால் போதும். இரண்டுக்கும் விலை வேறு.

முந்தின நாள் சாயங்காலமே மூடியின் உட்பக்கத்தில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தார். அந்தக் காலத்து மோனோகிராம், துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து மேலே குரோமியம் ஏற்றியது. முதுகில் குட்டிக் குட்டி முளைகள் இருக்கும். அவை தகட்டின் ஓட்டை வழியாக உள்ளே போய் ஸ்பிரிங் கிளிப்பில் பூட்டிக்கொள்ளும். அவசரக்காரர்கள் வெளியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்புவார்கள். வார்ப்பு உலோகம் வளைந்து கொடுக்காது. ஓரெழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய கழுத்தில் படக்கென்று ஒடிந்துவிடும். ஒடிந்த அம்பாசடர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பாதி 'அம்பா'வோடு நின்றுபோனவை.

மேஸ்திரி டிக்கியைத் திறந்து தோள்வரை கையை உள்ளே விட்டார். பார்வை மரத்தின் பக்கம் இருந்தது. வேலையை விரல்கள் பார்த்தன. முதல் கிளிப்பும் இரண்டாவதும் நகத்தாலேயே வந்துவிட்டன. மூன்றாவது துருப்பிடித்துத் தகட்டோடு ஒட்டியிருந்தது. உடைந்த ஹாக்ஸா பிளேடு துண்டொன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, முளையைத் தொடாமல் கிளிப்பை மட்டும் ராவினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு ஒரு மரக்குச்சியை முளையின் நுனியில் வைத்து உள்ளிருந்து தட்டினார். பெயர் முழுசாக என் கையில் விழுந்தது.

அது இருந்த இடத்தைப் பார்த்தேன். வண்டி வெள்ளை. எழுத்துகள் மூடியிருந்த இடம் மட்டும் இளம்பச்சை. "மொத பெயிண்ட் சார். கழட்டாமலே மேல அடிச்சிருக்கான்" என்றார். எத்தனையோ வருடம் முன்பு யாரோ சோம்பல்பட்டதால் தகட்டின் மேல் பச்சையில் ஒரு பெயர் தங்கிவிட்டது. கூட்டோடு அதுவும் அன்று மாலை கேஸ் கட்டிங்குக்குப் போனது.

மேஸ்திரியிடம் ஒரு பெயிண்ட் வாளி உண்டு. எடைக்குப் போடாமல் அவர் ஒதுக்கிய மோனோகிராம்களெல்லாம் அதில் கிடக்கும். எடைக்குப் போட்டால் அவற்றுக்கு மதிப்பே இல்லை, கைப்பிடியளவு துத்தநாகம். ஆனாலும் போடமாட்டார். நான் அதைச் சாக்கில் கொட்டி ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்ப்பேன். பத்மினி, கான்டெஸா, மாருதி, '118 என்.இ.' என்ற எண்ணெழுத்து, தனியாக 'டீசல்' என்று மட்டும் ஒன்று. டீசல் என்பதைப் பெருமையாகப் பின்னால் எழுதிக்கொண்டு ஓடிய காலம் அது. இதற்கெல்லாம் அடியில் ஒரு நாள் பின்னங்காலில் நிற்கும் சிங்கம் ஒன்று கிடைத்தது. பெஜோ 309. பத்மினியைச் செய்த பம்பாய் பிரீமியர் நிறுவனம் பிரான்சின் பெஜோவோடு சேர்ந்து 1990களின் நடுவில் கல்யாணில் தயாரித்த வண்டி. சில வருடங்களிலேயே உற்பத்தி நின்றுபோனது. அந்தச் சிங்கமும் அம்பாசடர் எழுத்தும் ஒரே வாளியில் கிடந்ததைப் பார்த்தபோது உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது. காரணம் இருக்கிறது.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற இங்கிலாந்து வண்டியை ஒட்டி, வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரைச் செய்தது. 1950களின் கடைசியில் வந்த வண்டி 2014 மே மாதம் வரை உற்பத்தியில் இருந்தது. 2017இல் அந்தப் பெயரை மட்டும் இந்துஸ்தான் மோட்டார்ஸ் விற்றது. வாங்கியது பெஜோ. விலை 80 கோடி ரூபாய். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1இல் ஆட்சியைக் கைமாற்றிக் கொடுத்த ஊர் புதுச்சேரி. அதற்குப் பிறகு இங்கே அரசாங்க வண்டியாகவும் வாடகை வண்டியாகவும் கல்யாண வண்டியாகவும் ஓடிய காரின் பெயர், அப்படி ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் கைக்குப் போனது.

இதை மேஸ்திரியிடம் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வண்டி இல்லாம, பேரு மட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு வாளியைப் பார்த்தார். அதற்கப்புறம் என்னிடம் விலை பேசும்போது அவர் அம்பாசடருக்கு ஐம்பது ரூபாய் கூட்டிச் சொல்கிறார். நானும் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறேன்.

பெஜோ சிங்கத்தை எனக்கு முன்பே தெரியும். மகாத்மா காந்தி ரோட்டில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டில், துணிக்கடைகளுக்கு நடுவே தார்ப்பாய் விரித்துப் பழைய சாமான் விற்பவர்கள் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். பூட்டு, சாவி, கடிகார முகம், பித்தளைக் குழாய். அங்கேதான் சைக்கிள் கைப்பிடிக்குக் கீழே பதிக்கும் சின்னத் தகட்டில் அந்தச் சிங்கத்தை வாங்கினேன். 'சொல்தா வூட்டுது' என்றார் விற்றவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு இந்த ஊர்ப் பேச்சில் சொல்தா என்று பெயர். அவர் சொன்னது உண்மையோ வியாபாரமோ, தகடு உண்மையானது. பெஜோ குடும்பம் கார் செய்வதற்கு வெகுகாலம் முன்பே ரம்பம் செய்தது. 1858இல் சிங்கத்தைப் பதிவு செய்ததும் ரம்பத்துக்காகத்தான். பல்லின் உறுதி, முதுகின் வளைவு, வெட்டும் வேகம் என ரம்பத்துக்கு வேண்டிய மூன்றும் சிங்கத்திடம் இருப்பதாக அவர்கள் கருதினார்கள். ஒரு பிளேடு துண்டை வைத்துக்கொண்டு மேஸ்திரி கிளிப்பை ராவியபோது எனக்கு அதுதான் நினைவில் ஓடியது.

புது வண்டிகளின் மோனோகிராமுக்கு முளை கிடையாது. குரோமியம் பூசிய பிளாஸ்டிக். முதுகில் இருபக்கமும் ஒட்டும் டேப். இதைக் கழற்றுவதற்கு மேஸ்திரியின் கையாள், வீராம்பட்டினத்துப் பையன், ஒரு வழி வைத்திருக்கிறான். நண்பகல் வரை வண்டியை வெயிலில் விட்டுவிடுவான். டேப்பின் பசை இளகியதும், மீன் வலைக்குப் பயன்படும் தங்கூசி நரம்பை எழுத்துக்குப் பின்னால் நுழைத்து, இரண்டு முனையையும் விரலில் சுற்றிக்கொண்டு, அரிவது போல இப்படியும் அப்படியும் இழுப்பான். பெயிண்டில் ஒரு கீறல் விழாது. அப்பா வலை பின்னும் வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த நரம்பு எங்கே எவ்வளவு இழுவை தாங்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன மாதம் அவன் எடுத்துத் தந்த சிட்ரோயன் சின்னம் இப்போது என் மேசை மேல் இருக்கிறது. கவிழ்த்துப் போட்ட இரண்டு 'வி' மாதிரித் தெரிவது உண்மையில் பற்சக்கரத்தின் பல். ஆந்த்ரே சிட்ரோயன் கார் தொடங்குமுன் அந்த வகைப் பற்சக்கரம் செய்தவர். இந்தச் சின்னம் வந்த வண்டி பிரான்சில் பிறந்ததும் இல்லை; நம் திருவள்ளூர்த் தொழிற்சாலையில், அதுவும் முன்பு இந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திய இடத்தில் செய்தது.

மேஸ்திரிக்குத் துருவைப் படிக்கத் தெரியும். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருக்களில் நின்ற வண்டிக்குக் கதவின் கீழ்விளிம்பும் சக்கர வளைவும் முதலில் போகும். மோனோகிராமின் குரோமியத்தில் அம்மை போட்டது போலக் கொப்புளம் கிளம்பியிருக்கும். உப்புக் காற்று நுண்துளை வழியே போய் உள்ளேயுள்ள துத்தநாகத்தைத் தின்னும் அடையாளம் அது. "டூமா வீதி வண்டி" என்று ஒன்றைக் காட்டிச் சொன்னார், ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினால் அதே வீதி முகவரி. பி.ஒய். 01 என்று எண் போட்டுக்கொண்டு, துருவே இல்லாமல் வருகிற பெரிய வண்டிகளும் உண்டு. இங்கே சாலை வரி குறைவு என்பதற்காக வெளியூர்க்காரர்கள் பதிவு செய்தவை. "நம்பருதான் நம்ம ஊரு. இது கடலையே பாத்ததில்ல" என்பார்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவு இந்த ஊர் மூழ்கியதே, அதற்குப் பிறகு வந்த வண்டிகள் இன்னொரு ரகம். வெளியே பளபளப்பாக இருக்கும். கதவின் உள் அட்டையைக் கழற்றினால் ஒரே சீராக ஒரு சேற்றுக்கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள ஒயரிங் எல்லாம் வீண். அவற்றின் மோனோகிராம் மட்டும் புதுக்கருக்கு மாறாமல் கிடைத்தது. அதை வாங்கக் கை நீளவில்லை எனக்கு. அப்போதுதான் கடன் முடித்த யாரோ ஒருவரின் வண்டி.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் சென்னை புதுப்பேட்டைக்குப் போக வேண்டும். எழும்பூருக்குப் பின்னால், கூவத்தை ஒட்டி, கடை கடையாகக் கழற்றிய வண்டிகள். கதவுக்கு ஒரு கடை, விளக்குக்கு ஒரு கடை. எனக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் எழுத்து அங்கேதான் கிடைத்தது. வண்டலூரில் செய்த வண்டி அது. முன்பக்க பானெட் முழுவதும் மூக்கோடு சேர்ந்து முன்னால் கவிழும். 1968இல் வந்த நான்கு கதவு ஹெரால்டு உலகத்திலேயே இந்தியாவில் மட்டும்தான் உண்டு. ஆனால் புதுப்பேட்டையில் வேகம் அதிகம். எந்த வண்டி, யார் வண்டி என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. எனக்குப் புதுச்சேரிதான் ஒத்துவருகிறது.

இப்போது இந்த இடங்களுக்கு வண்டி வரத்து கூடியிருக்கிறது. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அதற்கு முந்தின வருடமே, பதிவு பெற்ற அழிப்பு நிலையங்களுக்கான மத்திய விதிகளும் வந்துவிட்டன. அந்த விதிகள் தேவை என்றே நான் நினைக்கிறேன். மேஸ்திரியின் வேப்பமரத்தடி மண்ணை அள்ளிப் பார்த்தால் விரலில் எண்ணெய் ஒட்டும். பேட்டரி அமிலம், ஏ.சி. கேஸ் எல்லாம் அங்கேயேதான் போகிறது. கண்ணாடித் தூள் வெறுங்காலில் ஏறுகிறது. கேஸ் கட்டிங் செய்கிறவர் முகத்தில் ஒரு கைக்குட்டை மட்டும். இதைத் தொழிலின் அழகு என்று எழுத எனக்கு மனம் வராது.

அதே சமயம், பெரிய இயந்திரத்தில் போட்டு நசுக்கும் இடத்தில் பத்து நிமிடம் செலவிட்டு ஒரு கிளிப்பை ராவ ஆள் இருக்க மாட்டார். எந்தக் கதவு எந்த வருட வண்டிக்குப் பொருந்தும், எந்த கியர்பாக்ஸ் இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்று தொட்டுச் சொல்லும் அறிவு இவர்களிடம் இருக்கிறது. மேஸ்திரி பன்னிரண்டு வயதில் கையாளாக வந்தவர். படித்ததற்குச் சான்றிதழ் கிடையாது. புது நிலையங்கள் வரும்போது இவர்களைத்தான் முதலில் வேலைக்கு எடுக்க வேண்டும். மேற்கூரையும் காலணியும் சம்பளமும் கொடுத்து எடுக்க வேண்டும்.

கிளம்பும்போது மேஸ்திரியின் உள்ளங்கையைப் பார்த்தேன். மோனோகிராம் முளை குத்திய தழும்புகள் வரிசையாக இருந்தன. கையுறை போட்டால் கிளிப் தட்டுப்படாதே என்றார். கண்ணாடி இறக்கும்போதாவது போடலாமே என்றேன். "வாங்கணும்" என்றார்.

பழைய வண்டியைக் கொடுக்கப் போகிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஆர்.டி.ஓ. பதிவேட்டில் வண்டியின் பதிவு ரத்தானதை உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் பெயரில் வேறொரு வண்டி ஓடக்கூடும். பெயரெழுத்தை உங்கள் கண்முன்னே கழற்றித் தரச் சொல்லுங்கள். போகும்போது நல்ல தடிமனான கையுறை இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு போங்கள், ஒன்று மேஸ்திரிக்கு, ஒன்று பையனுக்கு.